மாமா வயல்ல ஒரு 'பொளக்'!

பல்பு வாங்குறதுல பல வகை உண்டு மக்களே! இன்டர்னல்ஸ்ல வாங்குற பல்பு, கேன்டீன்ல வாங்குற பல்பு, வைவாவுல வாங்குற பல்பு... படிக்கிறதே எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங்ங்கிறதால எனக்கு இதெல்லாம் பழகிப்போச்சு. ஆனா, போன மாசம் மதுரையில எங்க கிளாஸ்ல செமினார் எடுத்தப்ப வாங்கினது ஆயிரம் வாட்ஸ் பல்பு!

டாபிக், 'மனிதச் செயல்களால் உருவாகும் பசுமை இல்ல வாயுக்கள்'. முதல் நாள் நைட்டு ரூம்மேட் லேப்டாப்பைக் கடன் வாங்கி, விடிய விடிய ஸ்லைடு போட்டேன். பனிக்கட்டி மேல பாவமா நிக்கிற கரடி, குப்குப்னு புகை விடுற சிமினி, வெடிச்சுக் கிடக்கிற தரை, கடைசியில உள்ளங்கையில பூமியைத் தாங்குற ரெண்டு கை. அதாவது, காலங்காலமா எல்லா செமினார்லயும் வர்ற அதே அஞ்சு படம். பேசி முடிச்சேன். பசங்களும் பாசத்துல கைதட்டினாங்க.

சார் கைதட்டலை. மெதுவா எழுந்து, "உனக்கு எந்த ஊர்ப்பா?"ன்னார்.

"ஆண்டிபட்டி சார். தேனிப் பக்கம்."

"சரி. ஆண்டிபட்டியில பனிக்கரடி இருக்கா?"

மொத்த கிளாஸும் 'கொல்'!

"உங்க வீட்டுல இருந்து வருஷத்துக்கு எவ்வளவு வாயு வெளியே போகுது? உங்க ஊர்ல எதுல இருந்து அதிகமா வருது? அதைச் சொல்லு, மார்க் போடுறேன்."

நான் மைக்கை முறைச்சேன். மைக் என்னை முறைச்சுது. "அடுத்த வாரம் கணக்கோட வா"ன்னு உட்கார வெச்சுட்டார். அந்தக் கணக்கைத் தேடி ஊருக்குப் போனதுல நடந்ததுதான் இந்த வார மேட்டர்.

காத்தாடி ஊருக்காரன்

சனிக்கிழமை காலையில மதுரையில ரயில் ஏறினேன். எங்க போடி ரயிலுக்கு ஒரு ஃப்ளாஷ்பேக் உண்டு. 2010 டிசம்பரோட மீட்டர் கேஜ் வண்டியை நிறுத்தினாங்க. அகலப்பாதை போட்டு தேனி வரைக்கும் மறுபடி ரயில் விட்டது 2022 மே மாசம். நான் ரெண்டாவது படிக்கிறதுக்கு முன்னாடி நின்ன ரயில், ப்ளஸ் டூவை நெருங்கினப்பதான் திரும்பி வந்துச்சு. நம்ம அரியரே பரவாயில்ல!

உசிலம்பட்டி தாண்டி கணவாய்க்குள்ள ரயில் நுழைஞ்சதும் காத்து அறைஞ்சுது. ஆடி மாசம். அம்மியே பறக்கும்போது அறுபது கிலோ நான் எம்மாத்திரம்? கணவாய் தாண்டினா அங்கிட்டும் இங்கிட்டும் காத்தாலைகள். எங்க ஊர்ல அதுக்குப் பேரு காத்தாடி. மேற்குத் தொடர்ச்சி மலையில இருக்கிற இடைவெளிகள் வழியா தென்மேற்குப் பருவக்காத்து பிச்சுக்கிட்டு வரும். பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி வரிசையில எங்க கம்பம் பள்ளத்தாக்குப் பக்கமும் ஒரு காத்து வழி.

அதைப் பார்த்ததும் எனக்கு தெம்பு வந்துடுச்சு. 'எங்க ஊர்ல கரியே கிடையாது சார், ஃபுல்லா காத்துதான்'னு ஒரே ஸ்லைடுல முடிச்சுடலாம்னு கணக்குப் போட்டேன். அந்தத் தெம்பு வீட்டு வாசல் வரைக்கும்தான் நிலைச்சுது.

பில் ஃப்ரீ... புகை?

எங்கப்பாவுக்கு விசைத்தறி. ஆண்டிபட்டி, சக்கம்பட்டி, டி.சுப்புலாபுரம் பக்கம் வந்தீங்கன்னா தெருவுக்குத் தெரு 'டடக்... டடக்'னு சத்தம் கேட்கும். காட்டன் சேலை நெய்யிற ஊரு. எங்க வீட்டுப் பின்கட்டுல நாலு தறி.

நோட்டும் பேனாவுமா உட்கார்ந்தேன். மொதல்ல வீடு.

கரன்ட் ரெண்டு மாசத்துக்கு 200 யூனிட். இந்தியாவுல ஒரு யூனிட் கரன்ட் தயாரிக்க, சராசரியா சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வெளியே போகுது. ஏன்னா, நம்ம நாட்டு கரன்ட்ல பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலதான். வருஷத்துக்கு 1,200 யூனிட், அதாவது 840 கிலோ. சமையல் சிலிண்டர் வருஷத்துக்கு எட்டு. 14.2 கிலோ கேஸ் எரிஞ்சா சுமார் 42 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. ஆக, 336 கிலோ.

'14 கிலோ எரிஞ்சா 42 கிலோ எப்படிப்பா வரும்?'னு அம்மா கேட்டாங்க. நல்ல கேள்வி. எரியும்போது கேஸ்ல இருக்கிற கார்பன், காத்துல இருக்கிற ஆக்சிஜனைச் சேர்த்துக்குது. அதான் எடை ஏறிடுது. கல்யாணமான மாப்ளை மாதிரி!

அப்பா பைக்குக்கு மாசம் 10 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் வருஷத்துக்கு 276. எல்லாம் கூட்டினா 1,452 கிலோ. ஒன்றரை டன்னுக்குக் கொஞ்சம் கம்மி. நாலு பேர் வீட்டுக்கு இது ஒண்ணும் பெருசில்ல. பஸ், ரயில், வாங்குற துணிமணி, சிமென்ட் எல்லாத்தையும் சேர்த்தா, சராசரி இந்தியர் பேர்ல வருஷத்துக்கு சுமார் 2 டன் கார்பன் டை ஆக்ஸைடு விழும். அமெரிக்கர் பேர்ல சுமார் 14 டன்.

'நாம நல்லவங்கதான்'னு நோட்டை மூடப்போனேன். பின்கட்டுல டடக்... டடக்!

தறிக்கு மாசம் 500 யூனிட் ஓடுது. வருஷத்துக்கு 6,000 யூனிட். 0.7-ஆல பெருக்கினா 4,200 கிலோ. வீட்டைப்போல மூணு மடங்கு!

அப்பாகிட்ட சொன்னேன். அவர் அறுந்த இழையை முடிஞ்சுக்கிட்டே, "தம்பி, விசைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு ஆயிரம் யூனிட் கவர்மென்ட்டே ஃப்ரீயா குடுக்குது. நான் பில்லே கட்டலை. அப்புறம் எனக்கு எதுக்குக் கணக்கு?"ன்னார்.

"பில்லுதாம்ப்பா ஃப்ரீ. எங்கேயோ மேட்டூர்லயோ வடசென்னையிலயோ கரி எரியுது இல்ல?"

"அப்ப வாசல்ல சுத்துற காத்தாடி எதுக்கு?"

இது இன்ஜினீயரிங் கேள்வி. காத்தாலை காத்துல இருக்கிற வாயுவை உறிஞ்சி எடுக்காது. அது ஓடுற நேரம், வேற எங்கேயோ எரிய வேண்டிய கரி எரியாம தப்பிக்குது, அவ்வளவுதான். 1.5 மெகாவாட் காத்தாலை ஒண்ணு வருஷத்துக்கு சுமார் 30 லட்சம் யூனிட் குடுக்கும்னு வெச்சா, எங்க வீட்டைப்போல 500 வீட்டுத் தறி ஓடும். தமிழ்நாட்டுல மொத்தமா 10,000 மெகாவாட்டுக்கு மேல காத்தாலை நிக்குது. ஆனா, காத்து அடிக்கிறது முக்கியமா மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும். தறி வருஷம் பூரா ஓடணும். கார்த்திகை ராத்திரியில காத்தாடி சும்மா நிக்கும்போது, தறியை ஓட்டுறது பெரும்பாலும் கரிதான். காத்து, வெயில், அதைச் சேர்த்து வைக்கிற பேட்டரி மூணும் கூட்டணி சேர்ந்தாத்தான் அந்த 0.7 இறங்கும்.

"சரி, இந்த நாலு டன்னும் என் கணக்கா, இல்ல, சேலை கட்டுறவங்க கணக்கா?"ன்னு அப்பா அடுத்த பந்தைப் போட்டார். நான் கிளீன் போல்டு! "மாமாவைப் பார்த்துட்டு வர்றேன்ப்பா"ன்னு எஸ்கேப்!

பொளக்!

எங்க ஆண்டிபட்டி வறண்ட பூமி. நெல்லு பார்க்கணும்னா தேனி தாண்டி கம்பம் பள்ளத்தாக்குக்குள்ள போகணும். சின்னமனூர் பக்கம் எங்கம்மாவோட அண்ணன், மாமா இருக்கார். ரெண்டு ஏக்கர், ரெண்டு போகம். முல்லைப் பெரியாறு தண்ணி. 1895-ல கட்டி முடிச்ச அணையில இருந்து மலையைக் குடைஞ்சு இந்தப் பக்கம் திருப்பி விட்ட தண்ணி. அதை நம்பித்தான் பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் இருபோகம்.

ஞாயித்துக்கிழமை காலையில போய் இறங்கினேன். மாமா வரப்புல நின்னார்.

"வாங்க மருமகனே! என்னாத்துக்கு நோட்டெல்லாம்? எதுவும் பங்கு பிரிக்க வந்துட்டியா?"

விஷயத்தைச் சொன்னேன். "ஓ... கேஸா? இங்க ஏதுடா சிமினி?"

"மாமா, நீங்க நிக்கிற இடத்துல இருந்து ஒரு அடி வயலுக்குள்ள வைங்க."

வெச்சார். கணுக்கால் தண்ணி, அதுக்குக் கீழ சேறு. காலைத் தூக்கினார். பக்கத்துல 'பொளக்... பொளக்'னு நாலஞ்சு குமிழி.

"அதான் மாமா கேஸ். மீத்தேன்."

மாமா என்னைப் பார்த்த பார்வை இருக்கே... நெல்லுல பதர் பார்க்கிற பார்வை!

விஷயம் இதுதான் மக்களே. வயல்ல தண்ணி நின்னுக்கிட்டே இருந்தா, சேத்துக்குள்ள ஆக்சிஜன் போகாது. ஆக்சிஜன் இல்லாத இடத்துல வாழுற நுண்ணுயிரிகள், சேத்துல கிடக்கிற தாள், வேர், தொழு உரம் எல்லாத்தையும் தின்னுட்டு மீத்தேனை விடும். குமிழியா வர்றது கொஞ்சம்தான். மிச்சத்துல பெரும்பகுதி நெல்லுத் தண்டு வழியாவே மேல ஏறி வந்துடும். வேருக்குக் காத்து கொண்டுபோக செடி வெச்சிருக்கிற குழாய்லதான் இது ரிட்டர்ன் வருது. ஜூஸ் ஸ்ட்ரா மாதிரி!

நோட்டைத் திறந்தேன். ஏக்கருக்கு ஒரு போகத்துக்கு 40 கிலோ மீத்தேன்னு தோராயமா வெச்சுக்கிட்டா, ரெண்டு ஏக்கர், ரெண்டு போகத்துக்கு 160 கிலோ. நூறு வருஷக் கணக்குல பார்த்தா ஒரு கிலோ மீத்தேன், சுமார் 28 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமமா சூட்டைப் பிடிச்சு வைக்கும். ஆக, 4,480 கிலோ. இதுபோக யூரியா போடுறதால கிளம்புற நைட்ரஸ் ஆக்ஸைடு தனி. அது கிலோவுக்கு கிலோ சுமார் 270 மடங்கு வில்லன்.

அப்பா தறி 4,200. மாமா வயல் 4,480. மச்சினனும் மாப்ளையும் சரிக்குச் சமம்! ரெண்டு பேரும் எப்பவும் எந்த விஷயத்துலயும் சமமா இருந்ததில்ல. கேஸ்ல கைகோத்துட்டாங்க.

எவன்டா அளந்தான்?

மாமாவுக்கு மூக்கு சிவந்துடுச்சு. "ஆளே இல்லாம ஏ.சி. ஓட்டுறவனும், தனியா ஒரு காருல போறவனும், சோத்துக்கு நடுற நானும் ஒரே கணக்கா? மாடு விடலையா? நீ மூச்சு விடலையா? மலை வெடிச்சா புகை வரலையா? எவன்டா அளந்தான் என் வயல?"

மூணு கேள்வி. ஒண்ணொண்ணா வர்றேன்.

முதல்ல மூச்சு. நாம விடுற மூச்சுல இருக்கிற கார்பன், போன போகத்துல நெல்லு காத்துல இருந்து எடுத்தது. எடுத்ததைத் திருப்பி விடுறோம். நடப்புக் கணக்குல போட்டு எடுக்கிற காசு மாதிரி, இருப்பு மாறாது. நிலக்கரியும் பெட்ரோலும் அப்படி இல்ல. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி பூமி போட்டு வெச்ச ஃபிக்ஸட் டெபாசிட். அதை உடைச்சு இருநூத்தம்பது வருஷத்துல செலவழிக்கிறோம். மீத்தேன் கதை கொஞ்சம் வேற. கார்பன் புதுசுதான். ஆனா, போனது சாதாவா, திரும்பி வர்றது 28 மடங்கு வீரியமா! அதான் வயலும் மாடும் கணக்குக்குள்ள வருது.

எரிமலை? உலகத்து எரிமலை எல்லாம் சேர்ந்து விடுறது, மனுஷன் விடுற கார்பன் டை ஆக்ஸைடுல நூத்துல ஒரு பங்குகூட வராது. இன்னொரு கைரேகையும் சிக்கியிருக்கு. உயிரோட இருக்கிற எல்லாத்துலயும் கார்பன்-14னு ஒரு கதிரியக்க வகை கொஞ்சம் இருக்கும். 5,730 வருஷத்துக்கு ஒரு தடவை அது பாதியாகும். கோடி வருஷம் புதைஞ்ச நிலக்கரியில அது சுத்தமா காலி. காத்துல கார்பன்-14 இல்லாத கார்பன் கூடிக்கிட்டே வருதுன்னா, அது பழைய டெபாசிட்ல இருந்து வந்ததுன்னு அர்த்தம். தொழிற்புரட்சிக்கு முன்னாடி காத்துல பத்து லட்சத்துக்கு 280 பங்கா இருந்த கார்பன் டை ஆக்ஸைடு, இப்ப 420-ஐத் தாண்டிடுச்சு. கம்பளி இல்லாம பூமி மைனஸ் 18 டிகிரியில விறைச்சிருக்கும், அதனால கம்பளி தப்பில்ல. சித்திரை வெயில்ல மேல மேல கம்பளி போர்த்துறதுதான் தப்பு.

கடைசிக் கேள்வி, 'எவன்டா அளந்தான்?' மக்களே, இந்தக் கேள்வியைக் கேட்டது எங்க மாமா மட்டும் இல்ல. இந்தியாவே கேட்டுச்சு!

1990-ல அமெரிக்காவோட சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு ஒரு மதிப்பீடு போட்டுச்சு. இந்திய நெல் வயல்கள்ல இருந்து வருஷத்துக்கு சுமார் 3.8 கோடி டன் மீத்தேன் வருதுன்னு. எப்படி அளந்தாங்க? இங்க வந்து அளக்கலை. மேலைநாட்டு வயல்கள்ல எடுத்த அளவை நம்ம ஏக்கரால பெருக்கிட்டாங்க. அங்க எப்பவும் தண்ணி கட்டி நிக்கிற வயலு. இங்க பாதிக்கு வானம் பார்த்த வயலு. அந்த நேரத்துல உலக நாடுகள் எல்லாம் கூடி, யார் எவ்வளவு குறைக்கணும்னு ஒப்பந்தம் எழுதத் தயாராகிட்டு இருந்தாங்க. இந்த நம்பர் அப்படியே நின்னிருந்தா, உலகத்தைச் சூடாக்குறதுல மாமாவோட சோத்துக்கும் பெரிய பங்குன்னு எழுதியிருப்பாங்க.

டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தோட விஞ்ஞானி ஏ.பி.மித்ரா தலைமையில ஒரு டீம் கிளம்புச்சு. 1991-ல நாட்டோட பல பகுதி நெல் வயல்கள்ல இறங்கி அளந்தாங்க. டெக்னிக் ரொம்ப சிம்பிள். கண்ணாடி மாதிரி பெட்டியை நெல்லுப் பயிர் மேல கவிழ்த்து, உள்ள சேர்ற காத்தை சிரிஞ்சுல இழுத்து, லேப்ல கேஸ் குரோமட்டோகிராஃப்ல போட்டுப் பார்க்கிறது. விடை? சுமார் 40 லட்சம் டன்! சொன்னதுல கிட்டத்தட்ட ஒன்பதுல ஒரு பங்கு!

அதே 1991-ல டெல்லி அறிவியல் சுற்றுச்சூழல் மையத்தோட அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும், 'சமமில்லாத உலகில் புவி வெப்பமாதல்'ங்கிற பொருள்ல ஒரு புத்தகம் போட்டாங்க. பிழைக்கிறதுக்காக விடுற வாயுவையும் சொகுசுக்காக விடுற வாயுவையும் ஒரே தராசுல நிறுக்காதீங்கன்னு அதுல சண்டை போட்டாங்க. எங்க மாமா வரப்புல நின்னு கேட்ட அதே கேள்வி. 2021-ல கிளாஸ்கோ மாநாட்டுல நூத்துக்கு மேற்பட்ட நாடுகள் சேர்ந்து, 2030-க்குள்ள மீத்தேனை 30 சதவீதம் குறைப்போம்னு உறுதி எடுத்தப்ப, இந்தியா கையெழுத்துப் போடலை.

இதைச் சொன்னதும் மாமா முகத்துல வெளிச்சம். "அப்ப நான் தப்பிச்சேன்னு சொல்லு!"

"குறைஞ்சுதான் மாமா இருக்கு. இல்லாம இல்ல."

ரெண்டு சிலிண்டர் சோறு

வரப்புல உட்கார்ந்து இன்னொரு கணக்குப் போட்டோம். மாமாவுக்கு ரெண்டு போகமும் சேர்த்து சுமார் 9 டன் நெல்லு. அரைச்சா 6 டன் அரிசி. ஆளுக்கு மாசம் 10 கிலோன்னு வெச்சா 50 பேருக்கு ஒரு வருஷச் சோறு. 4,480 கிலோவை 50 பேருக்குப் பிரிச்சா தலைக்கு 90 கிலோ. ரெண்டு சிலிண்டர் எரிக்கிறதுக்குக் கொஞ்சம் மேல. ஐம்பது பேரோட வருஷச் சோத்துக்கு இது நியாயமான செலவுதான்னு எனக்குப் படுது.

"அப்புறம் என்ன, மூடு நோட்டை!"

"இல்ல மாமா. இதையே இன்னும் குறைக்க முடியும். தண்ணியை எப்பவும் கட்டி வைக்காம, வயலு லேசா காஞ்சதும் அடுத்த தண்ணி விடணும். மண்ணுக்குள்ள காத்து போனா அந்த நுண்ணுயிரி அடங்கிடும். இதுக்கு இங்கிலீஷ்ல பெரிய பேரு வெச்சு, பிலிப்பைன்ஸ்ல இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் சொல்லிக் குடுக்குது."

மாமா சிரிச்சார். "இதுக்கு பிலிப்பைன்ஸ் எதுக்கு? காய்ச்சலும் பாய்ச்சலும்! எங்கப்பா சொல்லுவாரு. அப்படி விட்டாத்தான் வேரு இறங்கும், தூர் நல்லாக் கட்டும்."

எனக்கு அடுத்த பல்பு! நான் ஸ்லைடுல தேடினது தாத்தா வாயில இருந்திருக்கு.

மூணுல ஒரு பங்கு மீத்தேன் இதனால குறையும்னு வெச்சாக்கூட, மாமா வயல்ல வருஷத்துக்கு ஒன்றரை டன் மிச்சம். ஞாபகம் இருக்கா? எங்க வீட்டு லைட்டு, ஃபேன், அடுப்பு, பைக்கு எல்லாம் சேர்ந்தே ஒன்றரை டன்னுக்குக் கம்மி. மாமா சரியான நேரத்துல மடையை அடைச்சா, எங்க வீட்டோட மொத்தக் கணக்கும் கழிஞ்சிடும்! அதுவும் மீத்தேன் காத்துல சுமார் 12 வருஷத்துல சிதைஞ்சிடுற ஆளு. கார்பன் டை ஆக்ஸைடு மாதிரி நூத்துக்கணக்கான வருஷம் குடியிருக்காது. அதனால இங்க குறைச்சா பலன் நம்ம காலத்துலயே தெரியும்.

"அப்ப ஏன் மாமா நீங்க விடறதில்ல, காய்ச்சலும் பாய்ச்சலும்?"

சிரிப்பு நின்னுடுச்சு. வாய்க்காலைக் காட்டினார்.

"தண்ணி என் கையிலயா இருக்கு மருமகனே? முறை வெச்சு வருது. இன்னைக்கு நான் காயவிட்டு, அடுத்த முறைக்கு தண்ணி வராமப் போச்சுன்னா? கடைசி மடைக்காரன் நான். வர்றப்பவே கட்டி வெச்சுக்கிட்டாத்தான் ராத்திரி தூக்கம் வரும்."

எனக்கு 2017 ஞாபகம் வந்துச்சு. அதுக்கு முந்தின வருஷம் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுல 62 சதவீதம் குறைவு. ஜனவரியில மாநிலம் முழுக்க வறட்சின்னு அறிவிச்சாங்க. ஏப்ரல்ல எங்க ஊருக்குப் பக்கத்துல வைகை அணையில, தண்ணி ஆவியாகாம இருக்க அமைச்சர் செல்லூர் ராஜு தெர்மாகோல் மிதக்கவிட்டது நாடு பூரா ஃபேமஸ். காத்தடிச்சு அட்டையெல்லாம் கரை ஒதுங்குச்சு. காத்தாடி ஊர்ல வேற என்ன நடக்கும்? நாங்க ஸ்கூல்ல சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம். ஆனா, மாமா அந்த வருஷம் ரெண்டாம் போகம் போடலை. அத்தை செயினு அடகுக் கடைக்குப் போச்சு. அது எனக்கு அப்புறமாத்தான் தெரியும்.

அந்த ஒரு வறட்சியை இந்த வாயுதான் கொண்டுவந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். மழை பொய்க்கிறதுக்கு ஆயிரம் காரணம். ஆனா, காத்து ஒரு டிகிரி சூடானா, அது பிடிச்சு வைக்கிற ஈரம் சுமார் 7 சதவீதம் கூடும். காயுற இடத்துல இன்னும் வேகமா உறிஞ்சும்; கொட்டுற இடத்துல இன்னும் வேகமா கொட்டும். 2024-ல உலக சராசரி வெப்பம், தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 டிகிரி தாண்டிடுச்சு. மாமா மாதிரி ஆட்களோட பயம் இன்னும் கூடத்தான் செய்யும்.

அந்த வரப்புல எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. தண்ணி வரும்ங்கிற நம்பிக்கை இல்லாதவன் தண்ணியைக் கட்டி வைப்பான். கட்டி வெச்சா மீத்தேன் வரும். மீத்தேன் வந்தா சூடு கூடும். சூடு கூடினா தண்ணி மேல இருக்கிற நம்பிக்கை இன்னும் போகும். நம்ம மெஸ் சாம்பார் மாதிரி சுத்திச் சுத்தி அதே இடம்! இதுல மாமாவைத் திட்டி ஒரு பிரயோஜனமும் இல்ல. 'இந்தத் தேதியில இத்தனை மணிக்கு உனக்குத் தண்ணி'ன்னு ஒரு வாக்கு குடுத்து அதைக் காப்பாத்தினா, மீத்தேன் தானா இறங்கும். தறிக்கும் அதே கதைதான். அப்பா தறியை நிறுத்த வேண்டாம். அதுக்கு வர்ற கரன்ட் மாறினா போதும். அதை மாத்துற வேலை யாருக்கு? நாலு வருஷம் இன்ஜினீயரிங் படிக்கிற நமக்குத்தான்!

நீங்களே போடலாம் கணக்கு!

ஹாஸ்டல் ரூம்ல உட்கார்ந்தே போடலாம். கால்குலேட்டர் போதும்.

• கரன்ட்: ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ
• பெட்ரோல்: ஒரு லிட்டருக்கு 2.3 கிலோ
• டீசல்: ஒரு லிட்டருக்கு 2.7 கிலோ
• சமையல் சிலிண்டர்: ஒண்ணுக்கு 42 கிலோ
• மீத்தேன்: கிலோவை 28-ஆல பெருக்கவும்

போட்டு முடிச்சதும் ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ரெண்டு கேள்வி எழுதுங்க. 'இது இல்லாம முடியுமா?', 'இதை மாத்துற சாவி யார் கையில?' நம்பரைவிட அந்த ரெண்டு பதில்தான் முக்கியம். நம்ம கணக்கை நாம போடலைன்னா, 1990 மாதிரி வேற யாராவது போட்டுக் கையில குடுத்துடுவாங்க. அப்புறம் 'எவன்டா அளந்தான்?'னு கத்திக்கிட்டுத்தான் கிடக்கணும்.

மாமாவின் போன்

கிளம்புறதுக்கு முன்னாடி சின்னமனூர் ஹார்டுவேர் கடையில ஒரு அடி பி.வி.சி. குழாய் வாங்கி, சுத்திலும் ஓட்டை போட்டேன். வயல்ல பாதி மண்ணுக்குள்ள புதைச்சு, உள்ளே இருந்த சேறை அள்ளிட்டா, மண்ணுக்குக் கீழ தண்ணி எங்க நிக்குதுன்னு கண்ணால பார்க்கலாம். மண்மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழ இறங்கினப்புறம் தண்ணி விட்டா போதும். பூ பிடிக்கிற நேரத்துல மட்டும் காயவிடக் கூடாது. ரெண்டு ஏக்கருக்கும் மாமா ஒத்துக்கலை. மேட்டுப் பக்கம் இருக்கிற ஒரு சின்ன வயலை மட்டும் விட்டுக் குடுத்தார். "நெல்லு போச்சுன்னா உன் ஸ்காலர்ஷிப்புல இருந்து எடுப்பேன்"ங்கிற கண்டிஷனோட!

ரெண்டாவது தடவை செமினார் எடுத்தேன். பனிக்கரடிக்குப் பதிலா அப்பா தறி, மாமா வயல், அந்த ஓட்டைக் குழாய். சார் மார்க் போட்டார். எவ்வளவுன்னு கேட்காதீங்க, அரியர் இல்ல!

நேத்து நைட்டு மாமா போன்.

"மருமகனே, குழாய்ல தண்ணி பதினஞ்சுக்கு வந்துடுச்சு. மடையைத் தொறக்கலாமா?"

எனக்கு ஒரே குஷி. "தொறங்க மாமா! கரெக்ட் டைம்!"

"தொறக்கலாம். ஆனா, எங்க முறை வியாழக்கிழமைதான். இன்னைக்குத் திங்கள். நானும் நெல்லும் மூணு நாள் காத்துக் கிடக்கோம். இதுக்கு உன் நோட்டுல ஏதாச்சும் கணக்கு இருக்கா?"

இன்னும் பதில் சொல்லலை மக்களே. கால்குலேட்டரை எடுத்து வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.